இளைக்கும் கம்பி

பையை மடியில வைக்க வேண்டாம் தம்பி, கீழயே இருக்கட்டும். அம்பைக்குத்தானே போறீங்க? அப்ப நிதானமா உக்காருங்க. ஜன்னல் ஓரம் வேணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க. எனக்கு இந்த இடந்தான் தோது. இங்கன இருந்தா படியில ஏறுத ஆளு முகம் நல்லாத் தெரியும்.

நான் கெமிஸ்ட்ரி புரொபசர். காலேஜ்ல டிபார்ட்மெண்ட் ஹெட்டா இருந்து ரிடையர் ஆனவன். ஆவுடைநாயகம்னு பேரு. என் வீட்டுக்கு ஒரு பேய் வருது.

சிரிக்காதீங்க. கெமிஸ்ட்ரி படிச்ச மனுசன் பேயை நம்பலாமான்னு என் வீட்டுக்காரியே கேக்கா. நான் நம்பலை தம்பி. நம்புறது வேற. நான் நிறுத்துப் பாத்து நிரூபிச்சிருக்கேன். அதுக்குன்னே தராசு வாங்கி வச்சிருக்கேன், மூச்சுக்காத்து பட்டா முள்ளு ஆடுற தராசு. அதுல நிறுத்துப் பாத்துத்தான் சொல்லுதேன். அவ வாரா. வந்து எடுத்துட்டுப் போறா.

அவ யாருன்னா, என்கிட்ட பி.எச்.டி பண்ணின பொண்ணு. சுடலைவடிவு. நாங்க வடிவுன்னுதான் கூப்பிடுவோம். அவளைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல தண்ணியைப் பத்திச் சொல்லணும். பொறுமையாக் கேளுங்க, சுருக்கமாத்தான் சொல்லுவேன்.

தண்ணிக்குள்ள கரண்டு விட்டா அது ரெண்டாப் பிரியும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அந்த ஹைட்ரஜனை வச்சு இந்த பஸ்ஸை ஓட்டலாம். புகை கிடையாது, கரி கிடையாது, பின்னால குழாய்ல சொட்டுச் சொட்டா தண்ணிதான் வரும். அப்புறம் ஏன் இவன் டீசல் புகையை நம்ம மூஞ்சியில விடுதான்னு கேளுங்க. ஏன்னா தண்ணி லேசுல பிரியாது, அடம் பிடிக்கும். சமாதானம் பண்ணிப் பிரிக்கதுக்கு ஒரு வினையூக்கி வேணும். அதுல ராஜா பிளாட்டினம். அது இருந்தாப் போதும், குமிழி பொங்கிட்டு வரும். ஆனா பிளாட்டினத்தை வாங்கி ஊருக்கெல்லாம் ஹைட்ரஜன் காய்ச்சிக் குடுக்க எவனால ஆகும்? அதனால உலகம் பூரா எல்லா லேபுலயும் ஒரே தேட்டம்தான். பிளாட்டினம் செய்யுத வேலையை ஒரு மலிவான சாமான் செய்யுமா? செய்யும்னு எவன் கண்டுபிடிச்சாலும் அவன் பேரு நிக்கும்.

நான் கண்டுபிடிச்சேன். பனங்கொட்டை.

பாத்தீங்களா, உங்களுக்கும் சிரிப்பு வருது. அப்பவும் சிரிச்சாங்க. பனங்கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதோட கொஞ்சம் இரும்பு உப்பு, கொஞ்சம் மாலிப்டினம் சேத்து, மறுபடி சூளையில வச்சு எடுத்து ஒரு சின்னத் தகட்டுல தடவணும். அவ்வளவுதான். யோசனை என்னோடது. சுட்டது, இடிச்சது, சலிச்சது, தடவினதெல்லாம் வடிவு. கை பூராவும் கரியா இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. "ஏளா, கையைக் கழுவிட்டு டீ குடி"ன்னு நானே சொல்லுவேன். பிள்ளை மாதிரித்தான் வச்சிருந்தேன், கேட்டுப் பாருங்க, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சோதனை எப்படிப் பண்ணுவோம்னா, ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதுல ஆசிட் கலந்த தண்ணி. இந்தப் பக்கம் நம்ம பனங்கரித் தகடு. கரண்டு சுத்தி வர எதிர்ப் பக்கத்துல இன்னொண்ணு வேணும்ல? அதுக்கு ஒரு பிளாட்டினம் கம்பி. அந்தக் கம்பிக்கும் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தம் கிடையாது பாத்துக்கிடுங்க. அது சும்மா ஒரு வாசப்படி மாதிரி. பிளாட்டினம் எதுலயும் கரையாது, எதோடயும் ஒட்டாது, அதனால அதை வைக்கது வழக்கம். என் வாத்தியார் வச்சாரு, நானும் வச்சேன்.

முதல் நாள் தகடு சுமாராத்தான் ஓடுச்சு. ரெண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. அப்புறம் பாருங்க, ஓட ஓட அது தேறிக்கிட்டே வந்துச்சு தம்பி! உலகத்துல எந்தச் சாமானும் ஓட ஓடத் தேயும். இந்த பஸ்ஸையே பாருங்க, ஆணி ஆணியாக் கழலுது. என் தகடு மட்டும் ஓட ஓட நல்லாச்சு. கடைசியில பிளாட்டினத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. நான் அழுதுட்டேன், உள்ளதைச் சொல்லுதேன், லேபுல நின்னு அழுதேன். அதுக்குப் 'பக்குவம்'னு பேரும் வச்சேன். கட்டுரை வந்துச்சு. பேப்பர்ல படம் வந்துச்சு. காலேஜ் வாசல்ல என் தலையைப் பெருசாப் போட்டு பிளக்ஸ் வச்சாங்க. படத்துல வடிவும் இருந்தா, ஓரமா. இடம் பத்தலைன்னு பேப்பர்க்காரன் வெட்டிட்டான், அதுக்கு நான் என்ன செய்ய?

அந்த வருசம் ஸ்டாக் வெரிஃபிகேஷன் வந்துச்சு. வருசா வருசம் நடக்குறதுதான். வேற டிபார்ட்மெண்ட் வாத்தியார் ஒருத்தர் வந்து பெஞ்சு, நாற்காலி, உடைஞ்ச குடுவை எல்லாத்தையும் சரி பாப்பாரு. பிளாட்டினம் சாமானை மட்டும் தராசுல வச்சு நிறுப்பாரு. அந்தத் தடவை வந்தது பிசிக்ஸ்காரர். நிறுத்தாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி நிறுத்தாரு. "ஆவுடைநாயகம், உம்ம கம்பி இளைச்சுப் போயிருக்குவே"ன்னாரு.

எடை குறைஞ்சிருந்துச்சு. கம்பி வைக்குத பீரோவுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு வடிவுகிட்ட.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன நினைக்கணும்?

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ பயப்படவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. பயந்திருக்கணும்ல? நான் கேப்பேன்னு எதிர்பாத்து நின்ன மாதிரி சொல்லுதா: "சார், யாரும் எடுக்கல. கம்பி கரைஞ்சிருக்கு. கரண்டு போகப் போக ஆசிட்ல கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு, நம்ம தகட்டுல போய்ப் படிஞ்சிருக்கு. நம்ம தகடு நாளுக்கு நாள் தேறுனது அதனாலதான் சார். கரி ஒண்ணும் செய்யல. அதுமேல உக்காந்திருக்க பிளாட்டினம்தான் செய்யுது."

அதோட விட்டாளா? எனக்குத் தெரியாமலே கம்பியை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு கரிக்குச்சியை வச்சு ஓட்டிப் பாத்திருக்கா. புதுத் தகடு. செத்த கரி மாதிரிக் கிடந்துச்சாம். எத்தனை நாள் ஓட்டியும் தேறலையாம். "நீங்களே வந்து பாருங்க சார்"னு கூப்பிட்டா.

போனேன். பாத்தேன். ஆமா, தேறலைதான். அவ சரியாத் தடவியிருக்க மாட்டா. வேணும்னே கூடச் செஞ்சிருக்கலாம், யாரு கண்டா? "பழைய தகட்டை வெளியூருக்கு சோதனைக்கு அனுப்பிருவோம் சார், பிளாட்டினம் இருக்கா இல்லையான்னு ஒரே நாள்ல தெரிஞ்சிரும்"னு சொல்லுதா. நான் கேட்டேன், "எம்மா, வாசல்ல பிளக்ஸ் இருக்கு, பாத்தியா?"

அனுப்பலை. என்னத்துக்கு அனுப்பணும்? காணாமப் போனது கம்பியில. நிறுக்க வேண்டியது கம்பியை. தகட்டை எவனாவது நிறுப்பானா?

இங்க பாருங்க தம்பி, நான் அவளைத் திருடின்னு சொல்லவே இல்ல. ஒருத்தன்கிட்டயும் சொல்லல. பிரின்சிபால் கேட்டப்ப, "வடிவு பொறுப்புல இருந்த காலத்துல குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னேன். அது உண்மையா இல்லையா? உண்மைதானே? மிச்சத்தை ஊர்க்காரங்க அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க. அந்த நேரம் பாத்து அவ வெள்ளையா மினுக்குற ஒரு மூக்குத்தி வேற போட்டிருந்தா. நிச்சயத்துக்கு எடுத்ததாம். வெள்ளிதான். ஆனா பாக்குறவன் வெள்ளின்னா நினைப்பான்? ஆபீஸ்ல ஒரு அம்மா அதைக் கையால தொட்டே பாத்திருக்கு. வடிவு அன்னைக்கே அதைக் கழட்டிட்டா. கழட்டுனது இன்னும் வம்பாப் போச்சு.

நிச்சயம் நின்னுபோச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிக்க வந்தாங்க, என்கிட்டயும் வந்தாங்க. மரியாதையா உக்கார வச்சு காப்பி வாங்கிக் குடுத்தேன். "நல்ல பொண்ணு, கெட்டிக்காரி"ன்னேன். "அந்தக் கம்பி விசயம்?"னு கேட்டாங்க. "அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை"ன்னேன். வேற என்ன சொல்ல? அவளுக்கு விரோதமா ஒரு வார்த்தை என் வாயில வரலை, அது சத்தியம்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? கண்டக்டர் வாராரு. எனக்கு எடுக்க வேண்டாம். அவருக்கு என்னைத் தெரியும், அவரே கிழிச்சுக் குடுப்பாரு.

அவ அம்மா ஒரு நாள் டிபார்ட்மெண்டுக்கு வந்தாங்க. பூரணத்தம்மா. பீடி சுத்துதவங்க. பீடி சுத்தித்தான் அவளைப் படிக்க வச்சிருக்காங்க, விரல் நுனியெல்லாம் மஞ்சப் பூத்திருக்கும். நாற்காலியைக் காட்டினேன், உக்காரல. "அய்யா, எம்பிள்ள எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எழுதிக் குடுக்க வேண்டாம். எங்க தெருவுல வந்து வாயால சொன்னாப் போதும். நீங்க சொன்னா கேப்பாவ"ன்னாங்க.

"அம்மா, உங்க பொண்ணு எடுத்தான்னு நான் சொல்லவே இல்லையே"ன்னேன்.

"எடுக்கலன்னும் சொல்லலியே அய்யா"ன்னாங்க.

நீங்க யோசிச்சுப் பாருங்க. அவ எடுக்கலைன்னு நான் சொன்னா, அப்ப குறைஞ்சது எங்க போச்சுன்னு அடுத்த ஆளு கேப்பான்ல? அவ சொன்ன பதிலைத்தானே நானும் சொல்லணும்? கம்பி கரைஞ்சு தகட்டுல ஏறிட்டுன்னு. பனங்கொட்டை வெறும் பனங்கொட்டைதான்னு. அவ திருடலைன்னா என் கண்டுபிடிப்பு போச்சு. என் கண்டுபிடிப்பு நின்னா அவ... அப்படி இல்ல, நான் அப்படிச் சொல்ல வரலை. ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

பூரணத்தம்மா போயிட்டாங்க. வடிவு ஆராய்ச்சியை விட்டுட்டா. ஏதோ நர்சரி ஸ்கூல்ல ஏபிசிடி சொல்லிக் குடுக்கான்னு கேள்விப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல போஸ்டர் பாத்தேன். கண்ணீர் அஞ்சலி. சின்ன போஸ்டர். அவ போட்டோ. மூளைக்காய்ச்சல்னாங்க. அது காய்ச்சல். யாருக்கும் வாரதுதான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டாக்டரே சொல்லியிருக்காரு. நானே போய் அந்த டாக்டரைப் பாத்துக் கேட்டேன். "நீங்க யாரு?"ன்னாரு. சொந்தக்காரன்னு சொன்னேன்.

சாவுக்குப் போகலை. நான் போனா நல்லாவா இருக்கும்?

ரிடையர் ஆனப்புறம் வீட்டுப் பின்னறையில சின்னதா ஒரு லேபு போட்டேன். ஏன்னு கேளுங்க. வெளியூர்ல எவனெவனோ என் கட்டுரையைப் பாத்து பனங்கரித் தகடு செஞ்சுட்டு, எங்களுக்கு ஓடலைன்னு எழுத ஆரம்பிச்சான். ஒரு பொடியன் மெயில்ல கேக்கான், "ஐயா, எதிர்ப் பக்கம் என்ன வச்சீங்க?"ன்னு. அதை ஏன் கேக்கணும் அவன்? பதில் போடலை. நானே ஓட்டிக் காட்டுதேன்னு சொந்தமா ஒரு பிளாட்டினம் கம்பி வாங்கினேன். புதுசு. பழசைத் தொட்டவங்க யாரும் இதைத் தொடலை. அறைக்கு ஒரே சாவி, அது என் அரைஞாண்ல கிடக்கு, இந்தா பாருங்க. குளிக்கும்போதுகூடக் கழட்டுறதில்ல.

தகடு ஓடுச்சு தம்பி. பழையபடியே! நாளுக்கு நாள் தேறுச்சு. அன்னைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கணும்? பட்டேன். காலையில எந்திரிச்சு பல்லுகூட விளக்காம கம்பியை எடுத்துத் தராசுல வச்சேன்.

இளைச்சிருந்துச்சு.

மறுவாரம் வச்சேன். இன்னும் இளைச்சிருந்துச்சு. ஜன்னலுக்குக் கம்பி வலை. கதவுல பூட்டு. வேலைக்காரிகூட அந்தப் பக்கம் போறதில்ல. அப்ப யாரு எடுக்கா? நீங்களே சொல்லுங்க. யாரு எடுக்கா?

அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு, அவ வாராள்னு. உசுரோட இருக்கும்போது எடுத்தவ, செத்த பிறகும் விடல. கதவைத் திறந்தா அந்த அறையில ஒருத்தர் இருந்துட்டுப் போன மாதிரி இருக்கும். குமிழி வர்ற சத்தம் இருக்கே, மெள்ள மெள்ள, யாரோ வாய்க்குள்ளயே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுத மாதிரி. நான் குனிஞ்சு காது குடுத்துக் கேப்பேன். என்ன வார்த்தைன்னு தெரியாது. தெரியாதுன்னுதான் வச்சுக்கிடுங்களேன்.

வாசல்ல விபூதி போட்டேன். கண்ணாடிப் பாத்திரத்துக்குக் கழுத்துல தாயத்து கட்டினேன். சிரிங்க, பரவாயில்ல. என் வீட்டுக்காரி கேட்டா, "செத்தவ வந்து உங்க கம்பியைத்தான் சுரண்டணுமா? அதே வீட்டுல பவுன் பவுனா என் நகை இருக்கு, அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காளே?" அவளுக்குப் பேச்சு எப்பவும் அப்படித்தான்.

என்ன கேக்கீங்க? கரிக்குச்சியை வச்சு நான் ஓட்டிப் பாத்தேனான்னா?

ஏன் பாக்கணும்?

இல்ல, ஏன் பாக்கணும்னு கேக்கேன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க? பி.காமா? பி.காம் படிச்சவர் கேக்க வேண்டிய கேள்வியா இது? அவளும் இப்படித்தான் கேட்டா. இதே மாதிரிக் குரலை உசத்தாம. கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடுங்க.

கரிக்குச்சி வாங்கி வச்சிருக்கேன். அலமாரியில இருக்கு. உறையைப் பிரிக்கலை. நாலஞ்சு நாள் ஓட்டினாப் போதும். எனக்குப் பயமா இருக்கு தம்பி. பேய் வருதுன்னா அது வந்துட்டுப் போகட்டும், கம்பியைத்தானே எடுக்குது. அது வரலைன்னு தெரிஞ்சுதுன்னா? அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் மட்டும்லா இருக்கணும்?

கடையத்துப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்கான். உடுக்கடிச்சுக் குறி சொல்லுவான். போனேன். புரொபசர்னு சொல்லிக்கிடலை. அவன் உடுக்கைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தான். "பொம்பளப் பிள்ள ஒண்ணு நிக்கி. பொருளுக்கு நிக்கல. ஒரு வார்த்தைக்கு நிக்கி. அதைப் பெத்தவகிட்ட போய் அந்த வார்த்தையைச் சொல்லிட்டு வா, அதுபாட்டுக்குப் போயிரும்"னான்.

என்ன வார்த்தைன்னு அவன் சொல்லலை. நானும் கேக்கலை. நான் ஒண்ணு முடிவு பண்ணிக்கிட்டேன். "அம்மா, உங்க மக எடுத்ததை நான் மன்னிச்சுட்டேன்"னு சொல்லிருவோம். பெரிய மனசுதானே? எத்தனை பேரு சொல்லுவான்? அந்தக் கம்பியையும் குடுத்துருவோம்னு மடிச்சுக் கொண்டாந்திருக்கேன், சட்டைப்பையில இருக்கு. மிச்சம் இருக்கதை அவளே வச்சுக்கிடட்டும்.

பூரணத்தம்மா ஊரு கல்லடி விலக்கு. வாரத்துல ரெண்டு தடவை சுத்துன பீடியைக் கடையில கொண்டுபோய்ப் போட இந்த பஸ்லதான் ஏறுவாங்க. அதனாலதான் நானும் இதுல வாரேன். போன மாசம் வந்தேன். அதுக்கு முந்தின மாசமும் வந்தேன். அவங்க ஏறுவாங்க, உக்காருவாங்க, இறங்கிப் போவாங்க. நான் இங்கனயே உக்காந்திருப்பேன். எனக்கு இப்ப தாடி, ஆளும் இளைச்சுப்போயிட்டேன், அடையாளம் தெரியலையா, தெரிஞ்சும் பாக்கலையா, அது எனக்கு விளங்கல. ஒரு தடவை நேரா என்னைப் பாத்தாங்க. பஸ் ஜன்னலைப் பாக்குத மாதிரிப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க.

இந்தா, கல்லடி விலக்கு வந்துட்டு. பாருங்க, அன்னா, அந்தப் பச்சைச் சேலை. கையில பீடித்தட்டு. கையைக் காட்டாதீங்க தம்பி! சும்மா ஓரக்கண்ணால பாருங்க.

ஏறிட்டாங்க. வாராங்க. இந்தப் பக்கமா வாராங்க. வேற இடமே இல்லையா பஸ்ல?

நமக்கு முன்னாடியே உக்காந்துட்டாங்க.

மெதுவாப் பேசுங்க. எவ்வளவு நரைச்சுட்டு பாத்தீங்களா. தட்டை மடியில வச்சுக்கிட்டு இருக்காங்க, விரலு சும்மா இருக்க மாட்டேங்கு பாருங்க, இல்லாத பீடியைச் சுத்துது. கையை நீட்டினா அவங்க தோளைத் தொட்டுருவேன். இன்னைக்குச் சொல்லிருதேன். பக்கத்துல நீங்க இருக்கீங்கள்ல, தைரியமா இருக்கு. அம்மா, நான்தான் ஆவுடைநாயகம், மன்னிச்... இல்ல. மன்னிச்சுட்டேன்னு இவங்ககிட்ட எப்படிச் சொல்ல? இந்த முதுகைப் பாத்துக்கிட்டு அதை எப்படிச் சொல்ல? கோடாங்கி சொன்ன வார்த்தை அது இல்ல தம்பி. எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும்.

நீட்டுன கையை மடக்கிட்டேன், என்னால ஆகாது.

நீங்க சொல்லுங்களேன். தோளைத் தொட்டு, "அம்மா, உங்க பொண்ணு எடுக்கல"ன்னு நீங்க சொல்லிருங்க. யாரு சொன்னான்னு கேட்டா என்னைக் கைகாட்டாதீங்க. ஒரே ஒரு வார்த்தைதானே. சொல்லுங்க தம்பி. சொல்லிட்டா அழிஞ்சுபோக உங்ககிட்ட ஒரு கண்டுபிடிப்பும் இல்லையே.